பித்தளையில் ஒரு கம்ப்யூட்டர்!

குழந்தைகளே, உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ இருக்கும் கம்ப்யூட்டர் சில நாட்களில் ஆமை போல ஊர்ந்து போகும், கவனித்திருக்கிறீர்களா? பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். நாம் மவுசைத் தட்டுவோம். அதுவும் பலிக்காவிட்டால் அப்பாவையோ அக்காவையோ கூப்பிடுவோம். அந்த நேரத்தில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று எத்தனை பேர் யோசித்திருக்கிறீர்கள்?

அந்தப் பெட்டிக்குள் என்னென்ன உறுப்புகள் இருக்க வேண்டும், வேகம் எங்கே குறையும், தப்பு எந்த வழியாக நுழையும் என்பதையெல்லாம் மின்சார விளக்குகூட வீடுகளுக்கு வராத காலத்திலேயே ஒருவர் யோசித்து, காகிதத்தில் வரைந்து வைத்துவிட்டார். அவர் வரைந்ததெல்லாம் பித்தளைப் பற்சக்கரங்கள். அவர் பெயர் சார்லஸ் பாபேஜ். கம்ப்யூட்டரின் தந்தை யார் என்று பொது அறிவுப் போட்டியில் கேட்டால் நீங்கள் பட்டென்று சொல்லும் பெயர்தான். ஆனால், அந்தத் தந்தை தன் வாழ்நாளில் ஒரு இயந்திரத்தைக்கூட முழுதாகச் செய்து முடிக்கவில்லை என்பது தெரியுமா? அவர் போட்ட வரைபடம் சரியா, தவறா என்பதே அவர் இறந்து 120 ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது!

பாபேஜ் 1791-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை வங்கித் தொழில் செய்தவர், வசதியான குடும்பம். புதுப் பொம்மை கையில் கிடைத்ததும் சிறுவன் பாபேஜ் அம்மாவிடம் ஓடி, இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பான். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் பொம்மையை உடைத்துப் பார்த்துவிடுவான். உங்களிலும் இப்படிச் சிலர் உண்டு என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலத்துப் பொம்மை சாவி கொடுத்தால் ஓடுவது, ஷாக் அடிக்காது. மின்சாரத்தில் ஓடும் எதையும் பெரியவர் துணையில்லாமல் நீங்கள் திறக்கக் கூடாது, சரியா?

ஒருநாள் அம்மா அவனை இயந்திரப் பொம்மைகள் செய்யும் மெர்லின் என்பவரின் காட்சிக்கு அழைத்துப் போனார். பையனின் ஆர்வத்தைப் பார்த்த மெர்லின், மாடியில் இருந்த தன் பட்டறைக்கே கூட்டிப்போய்க் காட்டினார். அங்கே வெள்ளியில் செய்த ஒரு நடனப் பெண் பொம்மை இருந்தது. சுமார் ஓர் அடி உயரம். அதன் விரலில் ஒரு பறவை உட்கார்ந்து, வாலை ஆட்டும், சிறகடிக்கும், அலகைத் திறக்கும். அந்தப் பொம்மையைப் பாபேஜ் மறக்கவே இல்லை. நீங்களும் மறந்துவிடாதீர்கள், கதையில் மறுபடியும் வரும்.

பள்ளிப் பருவத்தில் அவருக்குக் கணக்கின் மீது அப்படி ஒரு பைத்தியம். விடுதியில் ஒரு நண்பனுடன் சேர்ந்து அதிகாலை மூன்று மணிக்கு யாருக்கும் தெரியாமல் எழுந்து படிப்பார். தலைமை ஆசிரியர் கண்டுபிடித்து நிறுத்தும்வரை இது நடந்தது. (சாப்பாட்டு நேரத்தில் ஓடி ஒளிந்த பிள்ளைகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். படிப்பதற்காக ஒளிந்தவனை ஒருநாளும் பார்த்ததில்லை!) இன்னொரு முறை, தண்ணீர்மேல் நடக்கலாம் என்று கால்களில் மடங்கும் பலகைகளைக் கட்டிக்கொண்டு டார்ட் என்ற ஆற்றில் இறங்கினார். கொஞ்ச தூரம் போனதும் நிலை தடுமாறி, மூழ்கும் நிலைக்குப் போய்த் தப்பினார்.

1810-ம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அங்குள்ள ஆசிரியர்களைவிட அவருக்குக் கணிதம் அதிகமாகத் தெரிந்திருந்தது. அங்கேதான் ஜான் ஹெர்ஷல் என்ற நண்பர் கிடைத்தார். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தாரே வில்லியம் ஹெர்ஷல், அவருடைய மகன். படிப்பை முடித்த பாபேஜ் 1814-ல் ஜார்ஜியானா என்ற பெண்ணை மணந்து லண்டனில் குடியேறினார்.

இப்போது அவரது வாழ்க்கையைத் திசை திருப்பிய விஷயத்துக்கு வருவோம். அது அட்டவணை!

உங்கள் அண்ணனோ அக்காவோ மேல் வகுப்பில் மடக்கை அட்டவணை வைத்துக் கணக்குப் போட்டதைப் பார்த்திருக்கலாம். பக்கம் பக்கமாக எண்கள்தான். கால்குலேட்டர் இல்லாத அந்தக் காலத்தில் கப்பலோட்டி, வங்கிக்காரர், வானியல் அறிஞர், பாலம் கட்டுபவர் எல்லோருக்கும் அட்டவணைகள்தான் துணை. நடுக்கடலில் நிற்கும் கப்பல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க நிலவும் நட்சத்திரமும் எந்த நாளில் எங்கே இருக்கும் என்ற அட்டவணையைப் பார்ப்பார்கள். அதில் ஒரு எண் தப்பாக இருந்தால் என்ன ஆகும்? மாலுமி தன் கப்பல் ஆழமான தண்ணீரில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பான். எதிரே பாறை இருக்கும்!

இந்த அட்டவணைகளை மனிதர்கள்தான் கையால் கணக்கிட்டார்கள். அப்படிக் கணக்கிடும் ஆளுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் தெரியுமா? கம்ப்யூட்டர்! ஆம், அன்று கம்ப்யூட்டர் என்பது ஒரு மனிதர். பிரான்ஸ் நாட்டில் ப்ரோனி என்ற பொறியாளர் பெரிய அட்டவணை ஒன்றைத் தயாரித்தபோது, கணக்கைச் சின்னச் சின்னக் கூட்டல்களாகப் பிரித்து, முடி அலங்காரம் செய்பவர்களிடம் கொடுத்தார். பிரெஞ்சுப் புரட்சியில் பிரபுக்கள் ஒழிந்ததால் அவர்களுக்கு வேலை போயிருந்தது. கூட்டத் தெரிந்தால் போதும் என்று அவர்களை உட்கார வைத்துவிட்டார். பாபேஜ் இதைப் பற்றி அறிந்து வியந்தார்.

ஆனால், மனிதர் கணக்கிட்டால் தப்பு வரும். கணக்கிட்டதைப் பார்த்து எழுதும்போது இன்னொரு தப்பு வரும். அச்சுக்கோக்கும்போது மூன்றாவது தப்பு வரும். 1821-ம் ஆண்டில் பாபேஜும் ஹெர்ஷலும் உட்கார்ந்து, வானியல் சங்கத்துக்காகத் தயாரான அட்டவணைகளைச் சரிபார்த்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தவறுகள்! சலித்துப்போன பாபேஜ், இந்தக் கணக்குகளையெல்லாம் நீராவி இயந்திரம் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கினார். அந்த ஏக்கம்தான் ஆரம்பம்.

ஒரு பற்சக்கரம் கணக்குப் போடுமா? போடும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 1, 4, 9, 16, 25 என்று வர்க்க எண்களை எழுதுங்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைக் கீழே எழுதுங்கள்: 3, 5, 7, 9. அவற்றின் வித்தியாசம்? 2, 2, 2. எப்போதும் 2-தான்! இனி ஆறின் வர்க்கம் வேண்டுமென்றால் பெருக்க வேண்டாம். கடைசி வித்தியாசமான 9-உடன் 2-ஐக் கூட்டினால் 11. அதை 25-உடன் கூட்டினால் 36. மறுபடியும் 11-உடன் 2, அது 13. 36-உடன் 13, அது 49. வெறும் கூட்டலிலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டோம். பெரிய பெரிய அட்டவணைகளையும் இப்படிக் கூட்டலாக மாற்றலாம். கூட்டல் என்றால் சக்கரத்தை இத்தனை பல் நகர்த்து என்பதுதானே? அதனால் பாபேஜ் தன் இயந்திரத்துக்கு வித்தியாச இயந்திரம் என்று பெயர் வைத்தார்.

1822-ல் சின்ன மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார். வானியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. அடுத்த ஆண்டே இங்கிலாந்து அரசு பணம் கொடுக்க முன்வந்தது. பாபேஜ் சில ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்று நினைத்தார்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. அந்த இயந்திரத்துக்கு ஏறத்தாழ 25,000 உறுப்புகள் வேண்டும். ஒரே மாதிரியான சக்கரம் நூற்றுக்கணக்கில் வேண்டும். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம்கூட இருக்கக் கூடாது. இன்று கடையில் ஒரு மவுஸ் வாங்கினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகலாம். எல்லோரும் ஒரே அளவில் செய்ய வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருப்பதால்தான் அது முடிகிறது. அந்தக் காலத்தில் ஒரு திருகாணிகூட அப்படி இல்லை. ஒரு பட்டறையின் ஆணி அடுத்த பட்டறையின் துளையில் பொருந்தாது. பாபேஜுக்குக் கிடைத்த ஜோசப் கிளமென்ட் என்ற கைத்தொழில் நிபுணர், உறுப்புகளைச் செய்வதற்கான கருவிகளையே முதலில் செய்ய வேண்டியிருந்தது. அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் என்பவர்தான் பின்னாளில், 1841-ல், திருகாணி மரைகளுக்கு ஒரே அளவு வேண்டும் என்று திட்டம் கொடுத்தார். அது நாடு முழுவதும் பரவியது. இயந்திரம் முடியவில்லை, ஆனால், அந்தப் பட்டறையிலிருந்து இப்படிச் சில நன்மைகள் கிளம்பின.

இதற்கிடையே 1827-ம் ஆண்டு பாபேஜுக்குப் பேரிடியாக வந்தது. அந்த ஒரே ஆண்டில் தந்தை, ஒரு மகன், மனைவி ஜார்ஜியானா மூவரையும் இழந்தார். மனம் உடைந்து பல மாதங்கள் வெளிநாடுகளில் சுற்றினார். திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். 1832-ல் கணக்குப் போடும் பகுதியில் ஏழில் ஒரு பங்கு தயாரானது. சுமார் 2,000 உறுப்புகள். கைப்பிடியைச் சுற்றினால் தப்பில்லாமல் கணக்குப் போட்டது!

மீதி ஆறு பங்கு? அது வரவே இல்லை. பாபேஜ் தன் வீட்டுக்குப் பக்கத்தில் இயந்திரத்துக்காகத் தீப்பிடிக்காத கட்டடம் ஒன்றை அமைத்து, கிளமென்ட்டை அங்கே வரச் சொன்னார். அதற்குத் தனியாகப் பணம் வேண்டும் என்றார் கிளமென்ட். வாக்குவாதம் முற்றியது. 1833-ல் கிளமென்ட் ஆட்களை அனுப்பிவிட்டு வேலையை நிறுத்திவிட்டார். செய்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான உறுப்புகள் பின்னாளில் உருக்கப்பட்டன. பத்து வருட உழைப்பு, குழந்தைகளே!

தயாரான அந்தச் சின்னப் பகுதியைப் பாபேஜ் தன் வீட்டு வரவேற்பறையில் வைத்தார். சனிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் பெரிய விருந்து நடக்கும். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ், விஞ்ஞானி சார்லஸ் டார்வின் போன்றவர்கள்கூட வந்திருக்கிறார்கள். இங்கேதான் நம் வெள்ளிப் பொம்மை திரும்ப வருகிறது. பல ஆண்டுகள் கழித்து ஓர் ஏலத்தில் அது விற்பனைக்கு வந்தபோது பாபேஜ் அதை வாங்கி, பழுது பார்த்து, ஒரு அறையில் ஆடவிட்டார். பக்கத்து அறையில் கணக்கு இயந்திரம். விருந்தாளிகள் எங்கே கூடினார்கள் என்று நினைக்கிறீர்கள்? பொம்மையைச் சுற்றித்தான்! இயந்திரத்தின் அருகே வெளிநாட்டுக்காரர் ஓரிருவர் நின்றார்களாம். பாபேஜ் இதைக் கவனித்து மனதில் குறித்துக்கொண்டார்.

ஆனால், 1833-ல் வந்த ஒரு பதினேழு வயதுப் பெண் இயந்திரத்தை விட்டு நகரவில்லை. கவிஞர் பைரனின் மகள் அடா. அவரை மறுபடியும் பார்ப்போம்.

1834-ல் பாபேஜின் அன்பு மகளும் இறந்துபோனாள். துக்கத்தை மறக்க வேலையில் மூழ்கினார். அப்போதுதான் முற்றிலும் புதிய ஒன்று அவர் மனதில் உருவானது. ஒரே வகைக் கணக்கைச் செய்யும் இயந்திரம் எதற்கு? எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் செய்யும் இயந்திரம் ஏன் கூடாது? அதற்குப் பகுப்பாய்வு இயந்திரம் என்று பெயரிட்டார்.

இந்த இயந்திரத்தை அவர் இரண்டு பகுதிகளாகப் பிரித்தார். கணக்குப் போடும் இடத்துக்கு ஆலை என்று பெயர். எண்களைச் சேமித்து வைக்கும் இடத்துக்குக் கிடங்கு என்று பெயர். நெல் கிடங்கிலிருந்து ஆலைக்குப் போய், அரிசியாகி, மறுபடி கிடங்குக்கு வருகிறதல்லவா, அதுபோல எண்கள் போய் வரும். உங்கள் கம்ப்யூட்டரிலும் இன்றுவரை இதே ஏற்பாடுதான்! ஆலைக்குப் பிராசசர் என்று பெயர் மாறிவிட்டது. கிடங்குக்கு மெமரி என்று பெயர் மாறிவிட்டது.

இது தெரிந்தால் ஆமைக் கம்ப்யூட்டரின் ரகசியமும் பாதி புரிந்துவிடும். ஆலை எவ்வளவு வேகமாக ஓடினாலும் கிடங்கில் இடம் இல்லாவிட்டால் வேலை நடக்காது. ஒரே நேரத்தில் பாட்டு, விளையாட்டு, படம் வரையும் மென்பொருள், இணையத்தில் இருபது பக்கங்கள் என்று திறந்து வைத்தால் மெமரி நிரம்பிவிடும். பிறகு கம்ப்யூட்டர் தூரத்தில் இருக்கும் இன்னொரு கிடங்குக்கு, அதாவது பொருட்களை நிரந்தரமாகச் சேமிக்கும் டிஸ்க்குக்கு, ஓடி ஓடிப் போய் வர வேண்டும். ஆலை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். வேண்டாதவற்றை மூடிப் பாருங்கள், வண்டி நகரும். பழைய கம்ப்யூட்டரை வேகப்படுத்தக் கடைக்காரர் புது ஆலை போடுவதற்கு முன், ராம் எத்தனை ஜிபி என்று கேட்பாரே, இதற்காகத்தான். கிடங்கைப் பெரிதாக்கப் பார்க்கிறார்! பாபேஜ் தன் கிடங்கில் ஆயிரம் எண்கள், ஒவ்வொன்றும் ஐம்பது இலக்கம் வைக்கலாம் என்று திட்டமிட்டார்.

வேகம் பற்றி அவர் யோசித்த ஒன்றை உங்களுக்குச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஏனென்றால் நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நானும் அதோடு போராடியிருக்கிறேன். அதுதான் இனமாற்றம். ஏழும் எட்டும் பதினைந்து. ஐந்தைப் போட்டு, மீதி ஒன்றை அடுத்த இடத்தின் தலையில் வைப்போமே, அது! பிள்ளைகள் மறப்பது அந்த ஒன்றைத்தான். இயந்திரத்துக்கு அது வேறு விதத்தில் தொல்லை. 9999-உடன் 1-ஐக் கூட்டுங்கள். ஒன்றாம் இடம் பத்தாகி, மீதி பத்தாம் இடத்துக்குப் போகிறது. அதுவும் 9, அதனால் நூறாம் இடத்துக்குப் போகிறது. பிறகு ஆயிரம். ஒவ்வொருவராகத் தோளைத் தட்டிச் செய்தி சொல்வது போல. ஐம்பது இலக்கம் என்றால் ஐம்பது முறை காத்திருக்க வேண்டும்! பாபேஜ் இதற்காகத் திரும்பத் திரும்ப வரைந்து பார்த்தார். கடைசியில், எந்தெந்த இடத்தில் 9 நிற்கிறது என்று இயந்திரம் முன்கூட்டியே பார்த்து, எல்லா மீதிகளையும் ஒரே தள்ளில் தள்ளும் வழியைக் கண்டுபிடித்தார். இன்றைய சில்லுகளிலும் கூட்டல் வேகமாக நடக்க இதே யோசனையைப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, இயந்திரத்துக்கு வேலையை எப்படிச் சொல்வது? காஞ்சிபுரத்தில் பட்டுத் தறியைப் பார்த்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் மாலை போலக் கோத்துத் தொங்கும். எங்கே துளை இருக்கிறதோ அதற்கேற்ப இழை தூக்கும். சேலையில் மயிலும் மாங்காயும் விழும். அதை பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர் உருவாக்கினார். அவருடைய உருவத்தையே பட்டில் நெய்த ஒரு படம் பாபேஜிடம் இருந்தது. அதை நெய்ய 24,000 அட்டைகள் தேவைப்பட்டனவாம். துளை அட்டை மயிலை நெய்யும் என்றால் கணக்கையும் நெய்யுமே! ஒரு வகை அட்டை, கூட்டு, பெருக்கு என்று சொல்லும். இன்னொரு வகை, எந்த எண்ணை எடு என்று சொல்லும். தேவைப்பட்டால் இயந்திரம் அட்டைகளைப் பின்னால் நகர்த்தி, அதே வேலையை மறுபடி செய்யும். நடுவில் ஓர் அட்டவணை எண் தேவைப்பட்டால் மணி அடித்துக் கேட்கும். அருகில் இருப்பவர் தவறான அட்டையைக் கொடுத்தால் அதையும் கண்டுபிடித்து, இன்னும் பலமாக மணி அடிக்கும்! தவறான கடவுச்சொல்லைப் போட்டால் உங்கள் கம்ப்யூட்டர் டொங்கென்று சத்தம் போடுகிறதே, அதன் கொள்ளுத் தாத்தா இதுதான்.

இவ்வளவும் காகிதத்தில்! அரசுக்கோ தலைவலி. பழைய இயந்திரமே முடியவில்லை. இவர் புதியது என்கிறார். பாபேஜ் 1834-லிருந்து என்ன செய்யலாம் என்று அரசைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1842-ல், திட்டத்தைக் கைவிடுவதாகப் பதில் வந்தது. அரசு வானியலாளர் ஏரி என்பவர் இயந்திரத்தால் பயனில்லை என்று கருத்துச் சொல்லியிருந்தார். பாபேஜ் பிரதமர் ராபர்ட் பீலை நேரில் போய்ப் பார்த்தார். இயந்திரத்தின் அருமையை விளக்குவார் என்று பார்த்தால், தனக்கு இழைக்கப்பட்ட அநியாயங்களைப் பட்டியல் போட்டுச் சண்டைக்குப் போய்விட்டார்.

அரசின் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். செலவான பணம் 17,000 பவுண்டுக்கு மேல். 1831-ல் செய்த ஒரு ரயில் என்ஜினின் விலையே 800 பவுண்டுக்குள்தான். இருபது என்ஜின் வாங்கும் பணத்தைக் கொட்டி, கையில் வந்தது ஏழில் ஒரு பங்கு. பாபேஜ் பழையதை முடித்துவிட்டுப் புதியதைத் தொடங்கியிருக்கலாமே என்று எனக்கும் பலமுறை தோன்றியிருக்கிறது. ஆனால், முடித்திருந்தால் அந்த ஆலையும் கிடங்கும் பிறந்திருக்குமோ, பிறந்திருக்காதோ!

அடுத்த ஆண்டு, 1843-ல், அடா வந்தார். இப்போது அவர் லவ்லேஸ் சீமாட்டி. இத்தாலிய அறிஞர் ஒருவர் பகுப்பாய்வு இயந்திரம் பற்றி எழுதிய கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கூடவே தன் குறிப்புகளையும் சேர்த்தார். குறிப்புகள் கட்டுரையைப் போல மூன்று மடங்கு நீளம்! ஒரு கடினமான எண் வரிசையை இயந்திரம் எந்தப் படிகளில் கணக்கிடும் என்று அதில் அட்டவணை போட்டுக் காட்டினார். இந்த இயந்திரம் எண்களோடு நிற்க வேண்டியதில்லை, விதி சொல்லிக் கொடுத்தால் இசைகூட அமைக்கலாம் என்றும் எழுதினார். 1852-ல், 36 வயதிலேயே அவர் இறந்துவிட்டார்.

பாபேஜ் விட்டுவிடவில்லை. புது இயந்திரத்துக்காக யோசித்தபோது கற்ற பாடங்களை வைத்து, பழைய வித்தியாச இயந்திரத்தை 1847 முதல் 1849 வரை புதிதாக வரைந்தார். இரண்டாம் எண் இயந்திரம்! சுமார் 8,000 உறுப்புகள். முன்னதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலேயே ஓர் அச்சு இயந்திரமும் உண்டு. கணக்கிட்டதை மனிதர் கை படாமல் அச்சடித்தால்தானே மூன்றாவது தப்பும் ஒழியும்? அரசு இதையும் வேண்டாம் என்றது. அதே நேரம் ஸ்வீடன் நாட்டில் ஷூட்ஸ் என்ற தந்தையும் மகனும், பாபேஜின் யோசனையைப் படித்து எளிமையான இயந்திரம் ஒன்றைச் செய்து முடித்து லண்டனுக்கே கொண்டுவந்தார்கள். வேறொருவராக இருந்தால் பொறாமையில் வெந்திருப்பார். பாபேஜ் அதைப் பாராட்டி, எல்லோரிடமும் எடுத்துச் சொல்லி உதவினார். பிரதமரிடம் சண்டை போட்ட அதே மனிதர்தான்!

வயதான காலத்தில் அவருக்குப் பெரிய எதிரி தெருப் பாட்டுக்காரர்கள். வாசலில் கைப்பிடி சுற்றும் இசைப்பெட்டியை வாசித்தால் அவரால் யோசிக்க முடியாது. தன் உழைப்புச் சக்தியில் நான்கில் ஒரு பங்கு இந்தச் சத்தத்திலேயே வீணாகிறது என்று கணக்கே போட்டார். அவர் எதிர்க்க எதிர்க்க, வேண்டுமென்றே அவர் வீட்டு வாசலில் வந்து வாசித்தார்கள். சிறுவர்கள் பின்னால் கேலி செய்துகொண்டு ஓடினார்கள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. உங்கள் கம்ப்யூட்டரிலும் இப்படி வாசல் பாட்டுக்காரர்கள் உண்டு. ஆன் செய்தவுடன் யாரும் கூப்பிடாமலே தானாகத் தொடங்கி, கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருட்கள்தான் அவை. ஆலையின் சக்தியை அவை தின்னும். வீட்டில் விவரம் தெரிந்தவரிடம் சொல்லி, தானாகத் தொடங்குபவற்றின் பட்டியலைப் பார்த்து வேண்டாதவற்றை நிறுத்தச் சொல்லுங்கள். அப்படியே மின்விசிறித் துளையில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சூடேறினால் கம்ப்யூட்டர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்துப் படம் பார்ப்பவர்களுக்குத்தான் இது!

பாபேஜ் 1871-ம் ஆண்டு அக்டோபர் 18-ம் தேதி, 79 வயதில் லண்டனில் காலமானார். இந்தியாவில் ராணுவத்தில் பணியாற்றிய அவரது மகன் ஹென்றி, தந்தையின் ஆலையில் ஒரு பகுதியைப் பின்னாளில் செய்து பார்த்தார். மிச்சமிருந்த உறுப்புகளைச் சேர்த்துச் சில சிறு மாதிரிகளும் செய்தார். அதில் ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பல ஆண்டுகள் கழித்து அதைப் பார்த்த ஹோவர்டு எய்கன் என்பவர்தான் 1944-ல் ஹார்வர்டு மார்க் ஒன்று என்ற பிரம்மாண்டக் கம்ப்யூட்டரை ஓடவிட்டார்.

ஆனாலும் ஒரு கேள்வி அப்படியே நின்றது. பாபேஜின் இயந்திரம் பணமும் பொறுமையும் இல்லாததால் நின்றதா? அல்லது அது ஓடவே ஓடாத வெறும் கற்பனையா? கற்பனைதான் என்று சொன்னவர்களும் உண்டு.

லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தது. பாபேஜின் 200-வது பிறந்த நாள் 1991 டிசம்பரில் வருகிறது. அதற்குள் இரண்டாம் எண் இயந்திரத்தைச் செய்ய வேண்டும். ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டார்கள். பாபேஜ் காலத்துக் கைகளால் எவ்வளவு நுட்பமாகச் செய்ய முடியுமோ அதைவிட நுட்பமாக எந்த உறுப்பையும் செய்யக் கூடாது. வரைபடத்தில் சில சிறு பிழைகள் இருந்தன, திருத்தினார்கள். பூட்டி முடித்துச் சுற்றினால், அடிக்கடி இறுகி நின்றது. பயந்துவிடாதீர்கள், அதுவும் பாபேஜ் வைத்த ஏற்பாடுதான். ஒரு சக்கரம் இரண்டு எண்களுக்கு நடுவே நின்றுவிட்டால், தவறான விடையைச் சொல்வதைவிட நின்றுவிடுவது மேல் என்று இயந்திரத்தை அப்படி அமைத்திருந்தார். பொறுமையாக ஒவ்வொரு உறுப்பாகச் சரிசெய்தார்கள்.

பிறந்த நாளுக்கு முன்பே அது ஓடியது. எண்களின் ஏழாம் அடுக்குகளைக் கணக்கிட்டது. 31 இலக்கம் வரை, ஒரு தப்பும் இல்லை! கணக்குப் பகுதி மட்டுமே இரண்டரை டன்னுக்கு மேல் எடை. பிறகு அச்சு இயந்திரத்தையும் செய்யத் தொடங்கி 2002-ல் முடித்தார்கள். எத்தனை பத்தி, எவ்வளவு இடைவெளி, ஓரத்தில் எவ்வளவு இடம் என்று இன்று பிரிண்ட் கொடுக்கும்போது நாம் தேர்ந்தெடுக்கிறோமே, அவற்றில் பலவற்றை அதிலும் மாற்றி அமைக்கலாம்!

அந்த இயந்திரத்தில் எட்டு வரிசைகளாகச் சக்கரங்கள் செங்குத்தாக நிற்கின்றன. கைப்பிடியைச் சுற்றும்போது முன்புறம் எண்கள் நகரும். பின்புறம் போய் நின்றால் இன்னும் அழகு. மீதி ஒன்றைச் சுமந்துபோகும் சின்னக் கைகள் கீழிருந்து ஒன்றன்பின் ஒன்றாக அசைந்து, சுழல் படிக்கட்டில் யாரோ ஏறிப் போவது போல, உச்சி வரை போய்ச் சேரும்.